கண்ணாடியில் புள்ளி வையுங்கள்

ஐப்பசி மழையோடு காவிரிப் படுகைக்கு வந்து சேரும் விருந்தாளிகளில் ஆறுமணிக் குருவியும் ஒன்று. மைனாவை விடச் சிறிய உடல், குட்டை வால், பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவு இரவாகப் பறந்து வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான அந்தப் பயணத்தின் முடிவில் அதற்கு வேண்டியது ஒரு மர நிழலும் அடியில் கொஞ்சம் சருகும் மட்டும்தான். களைத்த குருவி விடியற்காலையில் ஒரு வேப்ப மரத்தைப் பார்த்து நேராகப் பாய்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டின் முகப்புக் கண்ணாடியில் எதிர் வீட்டு வேம்பின் பிம்பம் விழுந்திருப்பது அதற்குத் தெரிய வழியில்லை.

காலையில் வாசல் தெளிக்க வருபவர் கண்டெடுப்பது கழுத்து தொங்கிய ஒரு வண்ணப் பறவையை. பூனை பிடித்திருக்கும், வெயில் தாங்காமல் விழுந்திருக்கும், ஏதோ நோய் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். கண்ணாடியின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆண்டுதோறும் இப்படி எத்தனையோ சாவுகள் கணக்கில் வராமலே போவதற்கு இதுதான் முதல் காரணம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கடந்த இருபது ஆண்டுகளில் வீட்டின் முகம் மாறிவிட்டது. திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய வீடுகளின் சன்னல்களில் நிமிர்ந்த இரும்புக் கம்பிகளும் மரக் கதவுகளும் இருந்தன. கண்ணாடி என்பது அபூர்வம். வெயிலை மறைக்க மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கும். பழைய கோயில்களில் கல்லிலேயே துளையிட்ட சாளரங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் அளந்து உள்ளே விட்டன. இவற்றில் எதிலும் ஒரு குருவி மோதிச் செத்திருக்க முடியாது. இன்று வீடு கட்டுபவர் முதலில் கேட்பது ‘எலிவேஷன்’ எப்படி வரும் என்பதைத்தான். மாடிப்படி ஏறும் பக்கம் தரையிலிருந்து கூரை வரை நீல நிற ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி, பால்கனியில் கைப்பிடிச் சுவருக்குப் பதில் டஃபன்டு கண்ணாடி, அறைகளுக்கு யுபிவிசி ஸ்லைடிங் சன்னல். பல வீடுகளில் கிரில் கம்பி உள்ளே போய்விட்டது, கண்ணாடி வெளியே வந்துவிட்டது. நகைக்கடை, துணிக்கடை, மருத்துவமனை, கல்யாண மண்டபம் எல்லாம் இதே வழியில் போகின்றன. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப வேலை ஊர் தேடி வருவது மகிழ்ச்சியான செய்தி. அதன் பின்னால் வரப்போகும் அலுவலகக் கட்டடங்கள் எந்த முகத்தோடு எழும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

இன்னொரு பக்கம் மரங்கள் குறைந்திருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. தோப்பு போன ஊர்களில் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாவும் கொய்யாவும் முருங்கையும்தான் பறவைக்கு மிச்சம். அந்தக் கொல்லையைப் பார்த்தபடிதான் புதுக் கண்ணாடியும் நிற்கிறது. மரம் நட்டுப் பறவையை வரவழைத்துவிட்டு, அந்த மரத்துக்கு எதிரிலேயே கண்ணாடியை நிறுத்துவது அறியாமல் செய்யும் கொடுமை.

பறவைக்குக் கூர்மையான பார்வை உண்டே, கண்ணாடி தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து பாயும் வல்லூறைப் பார்க்க அது உதவும். நேர் எதிரே உள்ளதைத் துல்லியமாக அளக்க அவ்வளவாக உதவாது. திறந்த வெளியில் நேர் எதிரே கெட்டியான, அதே சமயம் கண்ணுக்குத் தெரியாத பொருள் எதையும் அவை தங்கள் பரிணாம வரலாற்றில் சந்தித்ததே இல்லை. மனிதரும் கண்ணாடியைக் கண்ணாடியாகப் பார்ப்பதில்லை. சட்டம், கைப்பிடி, தூசு, சுவரின் அமைப்பு ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறார்கள். அப்படியிருந்தும் கடைக் கதவில் நெற்றியை இடித்துக்கொள்ளாதவர் குறைவு.

கண்ணாடி இரண்டு வகையில் ஏமாற்றுகிறது. வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டும் இருந்தால் அது வானத்தையும் மரத்தையும் காட்டுகிறது. வீட்டின் இரு பக்கச் சன்னல்கள் நேருக்கு நேர் அமைந்தாலோ, மூலையில் இரண்டு கண்ணாடிகள் சந்தித்தாலோ, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்து, இடையில் வழி இருப்பதாகத் தோன்றுகிறது. வெயிலுக்காக ஒட்டும் பளபளப்பான சன் பிலிம் முதல் வகை ஏமாற்றை இன்னும் கூட்டுகிறது. பால்கனிக் கண்ணாடி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்தச் சாவுகளை உலகம் எண்ணத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மியூலன்பெர்க் கல்லூரிப் பேராசிரியர் டேனியல் கிளெம் 1970களிலிருந்து இந்த ஒன்றையே ஆராய்ந்து வந்தவர். 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை கட்டடங்களில் மோதிச் சாவதாக மதிப்பிட்டது. அதிலும் வானுயரக் கட்டடங்களின் பங்கு மிகச் சிறியது. ஒன்று முதல் மூன்று மாடி வரையிலான வீடுகளும் நான்கு முதல் பதினொரு மாடி வரையிலான கட்டடங்களுமே பெரும்பகுதிச் சாவுக்குக் காரணம், ஏனெனில் எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ‘எங்கள் ஊரில் ஏது அவ்வளவு பெரிய கட்டடம்’ என்று தஞ்சாவூர்க்காரர் சொல்லித் தப்பிக்க முடியாது.

சிகாகோ நகரில் ஏரிக்கரையோரம் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு அரங்கம் இருக்கிறது. அங்குள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்ட் 1978 முதல் அந்த அரங்கின் சுவரடியில் செத்து விழுந்த பறவைகளைப் பொறுக்கி, இனம் கண்டு, அளந்து பதிந்து வந்தார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அப்படிச் சேர்ந்தன. 2023 அக்டோபர் 5 காலை, அந்த ஒரே கட்டடத்தின் அடியில் கிட்டத்தட்ட ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. நகரமே அதிர்ந்தது. மறு ஆண்டு சுமார் 12 லட்சம் டாலர் செலவில் அரங்கின் கண்ணாடி முழுவதிலும் சிறு புள்ளிகள் கொண்ட பிலிம் ஒட்டினார்கள். அதற்கடுத்த வலசைக் காலத்தில் சாவு சுமார் 95 விழுக்காடு குறைந்தது. விளக்கை அணைப்பதும் திரையை இழுப்பதும் ஓரளவுக்குத்தான் பலன் தந்திருந்தன. கதையை மாற்றியவை புள்ளிகள்.

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில் நிலைமை காவிரிப் படுகைக்கு இன்னும் நெருக்கமானது. அங்குள்ள பறவை ஆர்வலர்கள் கட்டடங்களில் மோதிய பறவைகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்கிறார்கள். வலசை வருபவற்றில் அதிகம் அடிபடுவது ஆறுமணிக் குருவியின் நெருங்கிய உறவான நீலச்சிறகுப் பிட்டா. உள்ளூர்ப் பறவைகளில் முன்வரிசையில் நிற்பது பச்சைப்புறாவும் மரகதப்புறாவும். மரகதப்புறா தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. மரங்களுக்கு ஊடே தாழ்வாக, அம்பு வேகத்தில் பறப்பது அதன் இயல்பு. காட்டில் அதைக் காப்பாற்றும் அந்த வேகமே கண்ணாடிக்கு முன்னால் அதைக் கொல்கிறது.

படுகையின் பறவைச் செல்வம் சாதாரணமானதல்ல. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரை, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்கிறது. திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சர் தகுதி பெற்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி 2024இல் பெற்றது. நாரைக்கும் வாத்துக்கும் இந்த ஏரிகள் போதும். ஆனால் பூங்குருவி, ஈப்பிடிப்பான், மாங்குயில், ஆறுமணிக் குருவி போன்ற சிறு பறவைகள் சரணாலய எல்லைக்குள் அடங்குவதில்லை. அவை தங்குவது தோப்பிலும் கொல்லையிலும் கல்லூரி வளாகத்திலும்தான். மீன்கொத்தி, குயில், தேன்சிட்டு, தையல்சிட்டு, குக்குறுவான் எல்லாம் ஆண்டு முழுக்க வீட்டைச் சுற்றியே வாழ்பவை.

உழவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். நெல் வயலில் ஆங்காங்கே ‘டி’ வடிவக் குச்சி நட்டு வைப்பது வேளாண் துறை நெடுங்காலமாகச் சொல்லி வரும் பழக்கம். பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து பூச்சியைப் பிடிக்கும், இரவில் ஆந்தை உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடித்த ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆந்தையின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் குருவிக்குத் தொங்கவிட்டவர்களும் இதே மக்கள்தான். வயலில் பறவைக்கு இருக்கை போடும் குடும்பம், சாலையோரம் கட்டும் வீட்டில் அதே பறவைக்குப் பொறி வைக்க நினைக்காது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏற்கெனவே இந்தியப் பறவைகள் நெருக்கடியில் இருக்கின்றன. ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதுமான தரவு கிடைத்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வருவதாகக் கண்டார்கள். வயல்வெளி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் வீழ்ச்சியை அந்த அறிக்கை குறிப்பாக எச்சரித்தது. வாழிடம் சுருங்குவது, பூச்சிக்கொல்லி, தட்பவெப்ப மாற்றம் ஆகியவைதான் பெரிய காரணங்கள். கண்ணாடியை அவற்றுக்கு இணையாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பறவைக்கு வரும் ஆபத்துகளில் ஒரு வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சரிசெய்யக் கூடியது இது ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சன்னலையும் பைக் கண்ணாடியையும் கொத்திக்கொண்டே இருக்கும் தவிட்டுக் குருவியையும் தேன்சிட்டையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது வேறு விஷயம். இனப்பெருக்கக் காலத்தில் தன் பிம்பத்தை எதிரி என்று எண்ணிச் சண்டை போடுகிறது. பறவை அதனால் சாவது அரிது, ஆற்றலைத்தான் வீணாக்குகிறது. சில நாள் கண்ணாடியைத் துணியால் மூடினால் சண்டை ஓயும். மோதல் அப்படியில்லை. முழு வேகத்தில் வந்து அடிபடும் பறவைக்கு மண்டைக்குள்ளும் உடலுக்குள்ளும் இரத்தம் கசியும். எழுந்து பறந்துவிட்டதே என்று நிம்மதி அடையவும் முடியாது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மறுவாழ்வு மையங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, சிகிச்சை கிடைத்தும் சுமார் 60 விழுக்காடு பிழைக்கவில்லை.

தடுப்பு எளிது. சிறு பறவை, தன் உடல் நுழையாத இடைவெளியைக் கண்டால் அதற்குள் பாயாது. அதனால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் இருந்தால் போதும். புள்ளியின் குறுக்களவு கால் அங்குலம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் என்பது முக்கியம். உள்ளே ஒட்டினால் பிம்பம் அதை மறைத்துவிடும். வாசலில் நாள்தோறும் இடைவெளி பிசகாமல் புள்ளி வைக்கும் கைகள் உள்ள ஊரில் இதைக் கற்றுக்கொடுக்க ஆள் தேட வேண்டாம். புள்ளிக் கோலத்தை அப்படியே கண்ணாடியில் நிமிர்த்தி வைத்தால் அதுதான் மருந்து. சுண்ணாம்பும் போஸ்டர் பெயிண்டும் ஐப்பசி மழையில் கரைந்துவிடும், பறவை வரும் மாதமும் அதுதான். எனவே எனாமல் பெயிண்டில் சிறு தூரிகையாலோ குச்சி முனையாலோ வைப்பது நல்லது. ஊரில் உள்ள ஸ்டிக்கர் கடையில் வெளிப்புறத்துக்கான வினைல் தாளைப் புள்ளியாக வெட்டி வாங்கியும் ஒட்டலாம்.

அதைவிட எளிய வழி கொசுவலை. படுகையில் கொசுவலை இல்லாத சன்னலை இனி யாரும் வைக்கப் போவதில்லை. அந்த வலைச் சட்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே வருமாறு பொருத்தச் சொன்னால் பிம்பம் மங்கிவிடும், மோதினாலும் வலை கொஞ்சம் தாங்கும். கூடுதல் செலவு கிடையாது. ஆர்டர் கொடுக்கும்போது சொல்ல வேண்டும், அவ்வளவே. வலை இறுக்கமாகவும் சிறு கண்ணிகளோடும் இருக்கட்டும், தளர்ந்த நைலான் வலையில் பறவை சிக்கிக்கொள்ளும். நிமிர்ந்த கயிறுகளை நான்கு அங்குல இடைவெளியில் கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிடுவதும் சோதித்துப் பார்த்த முறை. மூங்கில் தட்டி, வெளிப்பக்க மரச் சட்டங்கள், பழைய மாதிரி கம்பிச் சன்னல் எல்லாமே உதவும். புதிதாகக் கட்டுபவர்கள் முகப்புக்கு ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியைத் தவிர்த்து, மணல் தேய்த்த கண்ணாடியையோ ஜாலிச் சுவரையோ கேட்கலாம்.

பலிக்காத வழிகளில் முதலிடம் பருந்து உருவ ஸ்டிக்கருக்கு. பெரிய கண்ணாடியில் ஒரே ஒரு பருந்தை ஒட்டினால், பறவை அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் மோதும். உள்ளே தொங்கும் மெல்லிய திரையும் பகல் நேரப் பிம்பத்தைத் தடுக்காது. குருவிக்குத் தண்ணீரும் தீனியும் வைப்பவர்கள் கிண்ணத்தைக் கண்ணாடியிலிருந்து மூன்றடிக்குள் வைக்க வேண்டும். அவ்வளவு பக்கத்திலிருந்து கிளம்பும் பறவைக்கு வேகம் பிடித்திருக்காது. பத்துப் பதினைந்தடி தள்ளி வைப்பதுதான் ஆபத்து.

அழகு கெடும் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் மறுப்பு. ஆனால் மே மாத வெயிலில் தஞ்சாவூரில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்து வேலை பார்த்தவரிடம் அழகைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். கண்ணாடி கூடக் கூட ஏசி கூடுகிறது, மின்கட்டணமும் கூடுகிறது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பே, அதன் நேரடி வழியைப் பின்பற்றும் கட்டடங்களில் சன்னல் பரப்பு சுவரில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பறவைக்கு நல்லதும் பணப்பைக்கு நல்லதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

தனி வீட்டுக்காரரின் மனசாட்சியை மட்டும் நம்பி இதை விட்டுவிடலாகாது. நியூயார்க் நகரம் 2021 முதல் புதிய கட்டடங்களில் தரையிலிருந்து 75 அடி உயரம் வரையிலான வெளிச்சுவரில் 90 விழுக்காடு பறவைக்கு ஆபத்தில்லாத பொருளாக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 75 அடி என்பது காவிரிப் படுகையின் கிட்டத்தட்ட எல்லாக் கட்டடங்களையும் அடக்கிவிடும். பறவை மோதிச் சாவது இந்தியாவில் நீதிமன்றம் ஏறிய விஷயம்தான்: ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் மின்கம்பியில் மோதிச் சாவதைத் தடுக்க 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த ஆணை தளர்த்தப்பட்டது உண்மை. ஆனால் மோதலைத் தடுப்பது கட்டுபவரின் பொறுப்பு என்ற கருத்து நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இன்று திட்ட அனுமதிக்கு அடிப்படை. அதில் பறவைப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். முடியாத காரியமல்ல. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோதும் இதே முணுமுணுப்புகள் எழுந்தன. இன்று குழாயும் குழியும் இல்லாத வரைபடத்தை எந்த இன்ஜினீயரும் கையில் எடுப்பதில்லை. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம், வயலைக் கெடுக்கும் தொழில்களைத் தடுத்தது. அந்த மண்டலத்துக்குள் எழும் கட்டடங்களும் வயலின் உயிர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதன் இயல்பான அடுத்த படி. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசே கட்டும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தொடங்கலாம். பெரிய வளாகங்களைக் கொண்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கெடுப்பும் உடனே தொடங்க வேண்டும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் பழகிய மாணவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதக் காலைகளில் தங்கள் கல்லூரிக் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்து, விழுந்து கிடக்கும் பறவையின் படம், தேதி, எந்தத் திசைச் சுவர், எந்த வகைக் கண்ணாடி ஆகியவற்றைக் குறித்து வைத்தால், எந்தச் சன்னலுக்கு முதலில் புள்ளி வைக்க வேண்டும் என்று இரண்டு பருவங்களில் தெரிந்துவிடும். ஒரு கட்டடத்தில் எல்லாக் கண்ணாடியும் கொல்வதில்லை. மரத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு மூன்றுதான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

அடிபட்டு உயிரோடு இருக்கும் பறவையைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் பறவை அதனாலேயே செத்துவிடலாம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பது முக்கியம். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில்லாத திறந்த வெளிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால், தேறியிருந்தால் பறந்துவிடும். பறக்காவிட்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கேயும் கேட்கலாம்.